யாழ்ப்பாணம் மலிவா? கொழும்பு வாழ்வா?

எம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் வாசகங்கள் இரண்டு. "யாழ்ப்பாணத்திலே செலவு குறைவு" என்பது ஒன்று. "கொழும்பிலேதான் வாழ்க்கை" என்பது மற்றொன்று. ஊரோடு இடமாற்றம் கோரும் உத்தியோகத்தர் முதலாவதைக் கூறுவார். மகளுக்கு வரன் தேடும் தந்தை இரண்டாவதைக் கூறுவார். விடுமுறைக்கு ஊர்வரும் வெளிநாட்டு உறவினர் முதலாவதை வியந்து பேசுவார். பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் இரண்டாவதை நம்பிப் புகையிரதம் ஏறுவர். இரு நகரங்களிலிருந்தும் வந்தோர் ஒரே விடுதியில் வாழும் இப்பேராதனைச் சூழலிலும் இவ்விவாதம் இரவு உணவோடு தொடங்கி நள்ளிரவுவரை நீள்வதை நாம் அறிவோம்.

இவ்வாசகங்கள் இரண்டும் அரை உண்மைகள். அரை உண்மை முழுப் பொய்யினும் தீங்கு மிக்கது. ஏனெனில் அதனை மறுக்க எவரும் முன்வருவதில்லை. இவை வெறும் திண்ணைப் பேச்சாக நின்றுவிடின் எமக்குக் கவலையில்லை. ஆனால் முதல் வாசகம் ஒருவரின் கூலியைக் குறைக்கும் நியாயமாகவும், இரண்டாவது வாசகம் ஒரு பிரதேசத்தைப் புறக்கணிக்கும் நியாயமாகவும் பயன்படுகின்றன. ஆதலின் இவற்றை ஆராய்வது அவசியமாகிறது.

சுட்டெண் சொல்வதும் சொல்லாததும்

வாழ்க்கைச் செலவு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் எடுத்துக்காட்டப்படுகிறது. 1949/50 இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடையே நடத்தப்பெற்ற செலவுக் கணிப்பை ஆதாரமாகவும் 1952 ஆம் ஆண்டை அடியாண்டாகவும் கொண்டு அமைந்த இச்சுட்டெண், 2007 வரை இந்நாட்டின் பிரதான விலை அளவுகோலாக விளங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பருத்தித்துறை மீனவரின் அடுப்பும், பண்டாரவளைத் தோட்டத் தொழிலாளியின் அடுப்பும் கொழும்புக் கூடையைக் கொண்டே அளக்கப்பட்டன. நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015 ஆம் ஆண்டிலேதான் வெளிவரத் தொடங்கியது.

இதனினும் முக்கியமான விடயம் ஒன்றுண்டு. இச்சுட்டெண்கள் காலத்தை ஒப்பிடுபவையேயன்றி இடத்தை ஒப்பிடுபவை அல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் உயர்ந்தன. இதன் பொருள், கொழும்பின் விலைகள் ஓராண்டுக்கு முந்திய கொழும்பின் விலைகளிலும் அவ்வளவு கூடின என்பதே. யாழ்ப்பாணத்திலும் பார்க்கக் கொழும்பு எவ்வளவு விலை கூடியது என்ற வினாவுக்கு அதில் விடை இல்லை. சுட்டெண்ணைக் காட்டி "யாழ்ப்பாணம் மலிவு" என்போர், மணிக்கூட்டைக் கொண்டு தூரத்தை அளக்க முற்படுவோரேயாவர்.

இடத்தை ஒப்பிட ஓரளவு உதவுவது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டந்தோறும் வெளியிடும் வறுமைக் கோடு. ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளை நிறைவு செய்ய ஒரு மாதத்துக்கு வேண்டிய ஆகக்குறைந்த தொகை அது. அப்பட்டியலில் கொழும்பு மாவட்டம் உச்சியிலும் மொனராகலை மாவட்டம் அடியிலும் நிற்பது வழக்கம். ஆயின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. வருமானத்தின் கதையோ முற்றிலும் வேறு. 2019 ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின அளவீட்டின்படி நாட்டின் சராசரிக் குடும்ப மாத வருமானம் 76,414 ரூபா. கொழும்பு மாவட்டத்தினது 132,433 ரூபா. வட மாகாணமோ நாட்டுச் சராசரிக்கும் கீழே நின்றது. செலவு சிறிது குறையும்போது வருமானம் பெரிதும் குறைகிறது. இதற்குப் பெயர் மலிவு அன்று, வறுமை.

கூடைக்குள் இருப்பவை

கூடையை அவிழ்த்துப் பார்ப்போம். முருங்கைக்காய், கத்தரிக்காய், சின்ன வெங்காயம், கீரை, மீன் ஆகியன யாழ்ப்பாணச் சந்தையில் புதிதாகவும் பருவகாலத்தில் மலிவாகவும் கிடைக்கின்றன என்பதை எவரும் மறுக்கார். திருநெல்வேலிச் சந்தையை அறிந்தவர் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காயின் விலையைக் கேட்டுத் திகைப்பது இயல்பே. ஆனால் மனிதர் முருங்கைக்காயால் மாத்திரம் வாழ்வதில்லை. சீனி, பருப்பு, பால்மா, மருந்து, இரும்பு என்பன பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணஞ்செய்து வடக்கை அடைகின்றன. அப்பயணத்தின் கூலியைச் செலுத்துபவர் வடக்கின் நுகர்வோரே. சமையல் வாயுவின் விலை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. கொழும்பிலும் பார்க்க யாழ்ப்பாணத்தில் அது கூடுதலாகும். 

மீனின் மலிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் கடனீரேரியின் நல்ல நண்டும் இறாலும் ஐஸ்கட்டிகளுக்கிடையே கிடந்து கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் செல்கின்றன. உள்ளூரில் எஞ்சுவதே உள்ளூரவர்க்கு மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பிடிப்பவரின் நிலை என்ன? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோது, வெளியிணைப்பு இயந்திரப் படகையே நம்பி வாழ்ந்த சிறு மீனவர் கரையில் முடங்கினர். மீன் மலிவு என்று மகிழும் நாவுக்கு அப்படகின் கணக்குத் தெரியாது.

மலிவின் இரகசியம்

அவ்வாறாயின் யாழ்ப்பாணத்தில் மாதம் முடிகையில் கையில் சிறிது மிஞ்சுவதாகப் பலர் கூறுவது பொய்யா? பொய்யன்று. ஆயின் மிஞ்சுவதன் காரணம் விலையில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

கொழும்பில் வாழும் நடுத்தரக் குடும்பத்தின் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டு வாடகை விழுங்குகிறது. யாழ்ப்பாணத்தில் நிலமும் வீடும் கிணறும் உள்ள குடும்பத்துக்கு அச்செலவு இல்லை. ஆனால் அவ்வீடு வானத்திலிருந்து விழுந்ததன்று. பெரும்பாலும் அது சீதனமாக வந்த வீடு. ஒரு தந்தை ஆயுள் முழுவதும் உழைத்து, அண்ணன்மார் தம் திருமணத்தைத் தள்ளிப்போட்டு, வெளிநாடு சென்ற ஒருவர் இரவும் பகலும் வேலைசெய்து செலுத்திய வாடகை அது. முப்பது வருட வாடகையை ஒரே தடவையில் முற்பணமாகக் கொடுத்துவிட்டு, "எமக்கு வாடகை இல்லை" என்று பெருமைப்படுவது என்ன கணக்கு?

கொழும்பில் குழந்தையைப் பார்க்க ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா பார்ப்பார். அங்கே சாப்பாட்டுப் பார்சலை விலைக்கு வாங்கவேண்டும்; இங்கே தாய் விடிய நான்கு மணிக்கு எழுந்து கட்டிக்கொடுப்பார். மிளகாய் இடித்தல், மாவறுத்தல், ஒடியல் காயவைத்தல், வளவைக் கூட்டுதல், நோயாளியைப் பராமரித்தல் யாவும் கூலியின்றி நிகழ்கின்றன. இவ்வேலைகளைச் செய்யும் பெண்ணின் உழைப்புக்கு எந்தச் சுட்டெண்ணிலும் நிறை இல்லை. யாழ்ப்பாணத்தின் மலிவு என்று நாம் போற்றுவதில் ஒரு பெரும்பகுதி, கணக்கில் எழுதப்படாத பெண்ணுழைப்பேயாகும்.

எஞ்சிய பகுதி வெளிநாட்டுப் பணம். அது வரும் வீட்டுக்கு யாழ்ப்பாணம் மலிவுதான். வராத வீட்டுக்கு அப்பணமே பகையாகிறது. கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வரும் பணம் ஒரு பரப்புக் காணியின் விலையைத் தீர்மானிக்கும் ஊரில், உள்ளூர்ச் சம்பளத்தை மாத்திரம் நம்பியிருக்கும் ஆசிரியர் ஒருவர் எத்தனை ஆண்டு சேமித்தால் வீடு கட்ட முடியும்?

அடுத்து, காணியும் கிணறும் இல்லாதோரை எண்ணுவோம். "சொந்தக் கிணறு, சொந்த வளவு" என்று யாழ்ப்பாண வாழ்வின் தரத்தைப் பாடுவோர், தலைமுறை தலைமுறையாகப் பிறர் கிணற்றில் தாமாக அள்ள அனுமதிக்கப்படாது, யாராவது வந்து ஊற்றும்வரை குடத்துடன் காத்து நின்றோரை மறந்துவிடுகின்றனர். 1968 இல் மாவிட்டபுரக் கோயில் வாசலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் எமது பாட்டனாரின் காலத்ததேயன்றிப் புராண காலத்ததன்று. காணியற்றோருக்கு அன்றும் யாழ்ப்பாணம் மலிவாக இருந்ததில்லை, இன்றும் இல்லை.

மலிவு யாருக்கு இலாபம்?

இப்போது வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். யாழ்ப்பாண நகரில் புடவைக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் தனியார் நிலையங்களிலும் பணிபுரியும் இளைஞரும் யுவதிகளும் சம்பளத்தைப் பற்றி வாய்திறந்தால் கிடைக்கும் விடை யாது? "இது கொழும்பில்லையே, இங்கு உனக்கு என்ன செலவு? வீட்டிலிருந்துதானே வருகிறாய்" என்பதே. அதாவது அவளுடைய தாயின் கூலியற்ற உழைப்பும், தந்தை கட்டிய வீடும், அண்ணன் அனுப்பும் பணமும் சேர்ந்து முதலாளியின் சம்பளப் பட்டியலுக்கு மானியம் வழங்குகின்றன. குடும்பத்தின் சேமிப்பு எனத் தோன்றுவது உண்மையில் கடையின் இலாபம்.

சட்டம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஆகக்குறைந்த மாத வேதனத்தை 10,000 ரூபாவாக நிர்ணயித்தது. அது 2024 இல் 17,500 ரூபாவாகவும் 2025 இல் 27,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அச்சட்டத்தில் கொழும்புக்கு ஒரு கூலி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு கூலி என்ற பேதம் இல்லை. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலைநேரத்தை வரையறுத்தபோதும் ஊர்ப்பேதம் பார்க்கவில்லை. மகாபொலப் புலமைப்பரிசிலும் கொழும்பில் கற்பவருக்கும் திருநெல்வேலியில் கற்பவருக்கும் ஒரே தொகைதான். சட்டம் மறுக்கும் பேதத்தை ஊர்வழக்கு நிலைநாட்டுகிறது. அவ்வழக்குக்கு நாமே "மலிவு" என்னும் அழகிய பெயரைச் சூட்டிக் கொடுத்திருக்கிறோம்.

கூலியை உயர்த்தினால் சிறுகடைகள் மூடப்படும் என்பர் சிலர். சிறுகடைக்காரரின் இடர் மெய்யானது. ஆனால் அவ்விடரைத் தீர்க்கும் பொறுப்பு அவரது கடையில் நாள் முழுவதும் நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுடையதா? 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 உடன் ஓய்ந்தது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் அழிந்தது. அவற்றுக்கு ஈடான பெருந்தொழில் எதுவும் எழாத பிரதேசத்தில் கடையைவிட்டால் வேறு வேலை இல்லை என்ற நிலையே கூலியைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. முருங்கைக்காயின் விலைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

கொழும்பின் தரம் யாருடையது?

இனி இரண்டாவது வாசகம். கொழும்பில் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்பதன் பொருள் என்ன? தேசிய வைத்தியசாலை அங்கே, தூதரகங்களும் அங்கே, திணைக்களங்களின் தலைமையகங்கள், பெரிய கம்பனிகள், தொழில்சார் பரீட்சை நிலையங்கள் எல்லாம் அங்கேயும் அதன் அயலிலும் உள்ளன. இவை கொழும்பு மண்ணின் இயற்கை வளங்களா? நாடு முழுவதும் செலுத்திய வரியில் ஓரிடத்தில் குவிக்கப்பட்டவை அல்லவா? ஒரு கடிதத்தில் ஒரு கையெழுத்துப் பெறுவதற்காக இரவு பஸ்ஸில் சென்று, பகல் முழுவதும் காத்திருந்து, மறு இரவு திரும்பும் வடபகுதி மனிதரின் பயணச் செலவும் இழந்த இரண்டு நாட் கூலியும் யாழ்ப்பாண வாழ்க்கைச் செலவில் ஏன் சேர்க்கப்படுவதில்லை? சிக்கலான நோயுடன் மகரகமைக்கு அனுப்பப்படும் நோயாளியோடு செல்லும் உறவினரின் லொட்ஜ் வாடகை எந்த நகரத்தின் செலவு? ஒரு நகரின் "தரம்" மற்றைய நகரங்களின் செலவாகப் பதிவாவதே மத்தியமயத்தின் இரகசியம்.

நீரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வரத் தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் படையில் தேங்கும் மழைநீரையே நம்பி வாழ்ந்தது. அந்நீரில் உரத்தின் நைத்திரேற்றும் மலகூடக் குழிகளின் கசிவும் கலப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எச்சரித்து வந்தனர். சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டிலேதான் திறக்கப்பட்டது. கிணற்றுநீருக்குக் கட்டணமில்லை என்று மலிவுக் கணக்கில் எழுதுவோர், போத்தலிலும் தாங்கியிலும் விலைகொடுத்து வாங்கிய குடிநீரை எப்பக்கத்தில் எழுதுவர்?

ஆயினும் கொழும்பில் வாழ்வோர் யாவரும் அத்தரத்தைத் துய்க்கின்றனரா? வானுயர்ந்த தாமரைக் கோபுரம் கொழும்பில்தான் நிற்கிறது. 2017 ஏப்ரில் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, சரிந்து விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்த மீதொட்டமுல்லைக் குப்பைமேடும் கொழும்பின் ஓரத்திலேதான் இருந்தது. நகரின் குப்பை யாருடைய வாசலில் கொட்டப்படுகிறது என்பதே நகரின் தரத்தை அளக்கும் நேர்மையான கோல். கொம்பனித்தெருவிலும் வனாத்தமுல்லையிலும் பலகை வீடுகளிலிருந்து எழுப்பப்பட்டு மாடிக் குடியிருப்புகளில் அடுக்கப்பட்டோருக்குக் கொழும்பு என்றால் காலிமுகத்திடற் காற்றன்று. புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை சுமந்து, கடைக்குப் பின்னாலேயே உறங்கி, தீபாவளிக்கு மாத்திரம் ஊர் திரும்பும் மலையக இளைஞனின் வாழ்க்கைத் தரம் எந்தப் பட்டியலில் உள்ளது? கொழும்பு மாவட்டத்தின் 132,433 ரூபாச் சராசரியில் அவனும் கறுவாத்தோட்டத்து மாளிகையும் ஒன்றாகக் கூட்டி வகுக்கப்படுகின்றனர்.

விலைப்பட்டியலில் இல்லாத ஒன்று

வாழ்க்கைத் தரத்தைப் பற்றி எம்மவர் பேசுகையில் வாய்தவறியும் கூறாத அம்சம் ஒன்றுண்டு, அது அச்சமின்மை. 1981 ஜூன் முதலாம் நாளின் இருளில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஒரு நகரின் வாழ்க்கைத் தரத்தை ஓரிரவில் எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு அதுவே சான்று. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாடகை கொடுத்து வாழ்ந்த தமிழர், தம் வாடகை எதனை வாங்கித் தரவில்லை என்பதைக் கண்டனர். 2007 ஜூன் 7 ஆம் நாள் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது.

இவற்றைக் கூறுவோர் இன்னொன்றையும் கூறக் கடமைப்பட்டவர். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் சில மணித்தியாலத் தவணையில், கையிற் கிடைத்ததுடன் தம் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். சோனகத்தெருவின் வெறுமையை மறைத்துவிட்டு யாழ்ப்பாண வாழ்வின் அமைதியைப் புகழ்வது அறமன்று. அயலவர் வெளியேற்றப்பட்ட தெருவில் காணி மலிவாகக் கிடைக்கலாம். அம்மலிவை நாடுவோர் வாழ்க்கைத் தரம் என்ற சொல்லை உச்சரிக்கும் உரிமையை இழந்தவரே.

செய்ய வேண்டியது

ஊரிலேயே இருங்கள் என்றோ கொழும்புக்குச் செல்லுங்கள் என்றோ அறிவுரை கூறுவது எமது நோக்கமன்று. "எந்த நகரம் மலிவு?" என்ற வினாவை நீக்கிவிட்டு வேறு மூன்று வினாக்களை அவ்விடத்தில் வைக்கவேண்டும் என்பதே எமது வாதம். ஒரு கிலோ அரிசியை வாங்க ஒரு தொழிலாளி இந்நகரில் எத்தனை நிமிடம் உழைக்க வேண்டும்? நல்ல நீரையும் மருந்தையும் ஓர் அரச கையெழுத்தையும் பெற எத்தனை மைல் செல்ல வேண்டும்? இரவிற் கதவு தட்டப்பட்டால் நெஞ்சு துணுக்குறாது திறக்க முடியுமா? இம்மூன்றுக்கும் விடை கூறாத எந்த ஒப்பீடும் வெறும் வாடகைப் பட்டியலே.

இதற்கான முயற்சியைத் தொடங்க அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எமது பொருளியல், புவியியல், சமூகவியல் மாணவர் விடுமுறைக்குத் தத்தம் ஊர் செல்கின்றனர். ஒரே பட்டியலில் இருபது பண்டங்களின் விலையையும், பத்துக் கடைகளின் சம்பளத்தையும், ஐந்து அரச சேவைகளைப் பெறுவதற்கான தூரத்தையும் ஒவ்வொருவரும் குறித்து வந்தால் அடுத்த ஆண்டு மலரில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, ஹற்றன், கொழும்பு ஆகிய நகரங்களின் மெய்யான ஒப்பீடு வெளிவரலாம். ஆகக்குறைந்த வேதனம் எங்கே மீறப்படுகிறது என்பதும் அதில் தெரியவரும். அச்சான எண்ணின்முன் "இங்கு உனக்கு என்ன செலவு?" என்ற முதலாளியின் வினா எளிதில் நிற்காது.

மலிவு என்பது பிறர் உழைப்பை நாம் குறைத்துக் கொடுத்து வாங்கும் வசதிக்கு இட்ட பெயர். தரம் என்பது பிறர் வரியில் நாம் அருகிருந்து பெறும் வசதிக்கு இட்ட பெயர். இரண்டு பெயர்களையும் அகற்றிவிட்டு நோக்கினால் இரு நகரங்களிலும் உழைப்போர் ஒரே பக்கத்தில் நிற்பது புலனாகும். எமது விடுதி விவாதம் இனி அவ்விடத்திலிருந்து தொடங்கட்டும்.